மெர்க்குரியின் முறிந்த விரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபுளோரன்ஸ் போயிருந்த என் தங்கை அங்கே ஒரு கடையில், மறுமலர்ச்சிக்கால சிற்பி ஜாம்போலோன்யா செய்த மெர்க்குரி என்ற ரோமானியக் கடவுள் சிலையின் நகலை வாங்கி வந்தாள். ஓரடி உயரம். பெட்டியில் 'மியூசியம் ரீப்ரொடக்‌ஷன், கோல்ட் காஸ்ட் பிரான்ஸ்' என்றிருக்கிறது. பிரிக்கும்போது மேலே நீட்டியிருக்கும் விரல் முறிந்துவிட்டது. உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளை! ஏமாந்துவிட்டோமா? இன்னொரு சந்தேகம். சுவாமிமலையில் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். இந்த மெர்க்குரி மட்டும் பல ஊர் அருங்காட்சியகங்களில் இருப்பது எப்படி? விரலை ஒட்ட முடியுமா?

கா., ஈரோடு

அன்புள்ள கா.,

ஏமாற்று இல்லை, ஆனால் வெண்கலமும் இல்லை. உலோகத்தை உருக்காமலே செய்வதுதான் கோல்ட் காஸ்ட். சிலிக்கோன் அச்சின் உட்புறத்தில் வெண்கலத்தூள் கலந்த ரெசினை (இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, மீதி இடத்தைச் சுண்ணக்கல் தூள் கலந்த ரெசினால் நிரப்புவார்கள். தூள் குறைந்தால் சிலை பழுப்பு பிளாஸ்டிக் போலிருக்கும். கூடினால் கலவை கெட்டித்துப்போய் விரல் நுனிவரை இறங்காது, காற்றுக்குமிழி தங்கிவிடும். அச்சிலிருந்து எடுத்தவுடன் மங்கலாகத்தான் இருக்கும். மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் தேய்த்து மேல்படலத்தை எடுத்தால்தான் உலோகம் மின்னும். விரல் போன்ற மெலிந்த இடத்திலேயே வெள்ளை தெரிகிறது என்றால், உங்கள் சிலையில் அந்தப் பூச்சுகூட இல்லை. அச்சுக்குள் காய்ந்த தூளைத் தூரிகையால் தடவிவிட்டு நேரே ஊற்றியிருப்பார்கள். மலிவான வேலை.

எடையை மட்டும் நம்பாதீர்கள். வெண்கலத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.8 கிராம் அளவில் இருக்கும். சுண்ணக்கல் ரெசின் 2 கிராமைத் தாண்டுவது அரிது. ஆனால் உள்ளீடற்ற வெண்கலச் சிலையும் கையில் லேசாக இருக்கும். அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வார்த்த வெண்கலத்தின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், வார்க்கும்போது உள்ளே வைத்த மண் உருவத்தின் (இதைத்தான் கரு என்பார்கள்) மண் ஒட்டியிருக்கும். அடியில் வெல்வெட் ஒட்டி மறைத்திருந்தால் ரெசினாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி உங்கள் சுவாரசியமான கேள்வி. சுவாமிமலை வார்ப்பு பெரும்பாலும் கன வார்ப்பு, அதாவது உள்ளே வெற்றிடமே இருக்காது. கையால் செய்த மெழுகுதான் மூலம், அது உருகிப்போனால் போனதுதான். மறுமலர்ச்சிக்கால இத்தாலியர்கள் மூலத்தைக் காப்பாற்றும் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். மூல உருவத்தின் மேல் பல துண்டுகளாகக் கழற்றக்கூடிய பிளாஸ்டர் அச்சு எடுத்து, உள்ளே சில மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு படியவிட்டு, நடுவில் கரு ஊற்றினார்கள். மெழுகு உருகி வெளியேறியதும் கரு அந்தரத்தில் நிற்க வேண்டுமே? அதற்காக முன்பே மெழுகைத் துளைத்து உலோக ஊசிகளைச் செருகிவிடுவார்கள். ஊசி நகர்ந்தால் கரு ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கம் வெண்கலம் ஓடாமல் ஓட்டை விழும். கருவில் ஈரம் மிச்சமிருந்தால் ஆவி வெளியேற வழியின்றி வார்ப்பே வெடித்துச் சிதறலாம். எல்லாம் சரியாக வந்தால் ஊசித் துளைகளை அடைத்து, உளியால் சீவி முடிப்பார்கள்.

அச்சு பத்திரமாக இருப்பதால் மெழுகை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியின் மாந்துவா நகரில் அந்தீக்கோ என்ற சிற்பி, முன்பு வேறொருவருக்குச் செய்த சிலைகளைப் பழைய அச்சுகளிலிருந்து வார்த்துத் தருவதாக 1519இல் அந்நகரின் அரசகுலப் பெண்மணி இசபெல்லா தெஸ்தேவுக்கு எழுதினார். ஜாம்போலோன்யாவின் உதவியாளர் அந்தோனியோ சூசினி பின்னாளில் குருவின் மாதிரிகளைத் தன் சொந்தப் பட்டறையிலேயே வார்த்தார். ஃபுளோரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் ஆளுயர மெர்க்குரி நிற்க, நேப்பிள்ஸிலும் வியன்னாவிலும் சிறியவை இருப்பதும் இந்தப் பழக்கத்தால்தான். அவற்றை நகல் என்று ஒதுக்குவது தப்பு.

முடிந்த வெண்கலத்தின் மேலேயே அச்சு எடுத்து வார்த்தது வேறு ரகம். மெழுகும் வெண்கலமும் ஆறும்போது சுருங்கும், வெண்கலம் மட்டுமே ஒன்றரை முதல் இரண்டு சதவீதம். 60 செ.மீ. சிலை 58 செ.மீ.க்குச் சற்று மேலாக வந்து நிற்கும். தலைமுடிக் கோடுகளும் மழுங்கிப்போகும். ஃபுளோரன்ஸ் ஞானஸ்நான மண்டபத்தில் 1990 முதல் நிற்கும் 'சொர்க்க வாசல்' என்ற வெண்கலக் கதவு, சிற்பி கிபெர்த்தி செய்த மூலக் கதவின் மேல் 1940களில் எடுத்த அச்சுகளிலிருந்து வார்த்தது. அந்த மூலம் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருங்காட்சியக நகல் என்றால் எனக்கு இதுதான். எதன் மேல் அச்சு எடுத்தார்கள், எந்தப் பொருளில் வார்த்தார்கள் என்ற இரண்டையும் சொல்லாத பெட்டிக்கு அந்தப் பெயரைத் தரமாட்டேன்.

விரலை ஒட்டலாம். இரு முனைகளிலும் 1 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, இரு பகுதி எபாக்ஸியால் ஒட்டுங்கள். சூப்பர் குளூ மட்டும் போட்டால் அடுத்த முறை துடைக்கும்போதே விழும். இணைப்பில் நிறமில்லா வார்னிஷில் வெண்கலத்தூள் குழைத்துத் தொட்டுவிடுங்கள். புளி, பிராஸோ (பித்தளை பாலிஷ்), அசிட்டோன் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் கறுப்புச் சாயத்தை எடுத்துவிடும், மூன்றாவது ரெசினையே இளக்கிவிடும்.