6எஸ்என்7 முன்பெருக்கி: ஆயத்தப் பலகையா, உதிரிபாகங்களா?

கேள்வி: 6எஸ்என்7 வால்வைக் (வெற்றிடக் குழாயை) கொண்டு கட்டிய என் ஆடியோ முன்பெருக்கியில், ஆனோடில் உள்ள 47 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, 8 மில்லியாம்பியர் தரும் மாறா மின்னோட்ட மூலத்தை வைக்க விரும்புகிறேன். மின்வழங்கி 350 வோல்ட். ஆனோடில் 180 வோல்ட் போதும். இரண்டு டிஎன்2540 மாஸ்பெட்டுகள் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) கொண்ட ஆயத்த மின்சுற்றுப் பலகை இணையத்தில் விற்பனைக்கு வருகிறது. அதை வாங்கலாமா, நானே கட்டலாமா?

பதில்: நீங்களே கட்டுங்கள். மொத்தமே இரண்டு மாஸ்பெட்டுகள், நான்கைந்து ரெசிஸ்டர்கள், ஒரு ட்ரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) என்று முடிந்துவிடும் சுற்றுக்குப் பலகை விலை கொடுப்பது வீண் என்பதோடு, அதில் உள்ள பாகங்கள் அசலா என்பதும் உங்களுக்குத் தெரியாது.

டிஎன்2540 சிறிய டிஓ-92, பெரிய டிஓ-220 உள்ளிட்ட உறைகளில் கிடைக்கிறது. இந்தச் சுற்றில் இரண்டு மாஸ்பெட்டுகளும் மின்வழங்கிக்கும் ஆனோடுக்கும் நடுவே ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடரில் இருக்கும். மீதமுள்ள 170 வோல்ட்டில் ஏறக்குறைய முழுவதையும் மேல் மாஸ்பெட்டே தாங்குவதால், 8 மில்லியாம்பியரில் அது சுமார் 1.4 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். டிஓ-92 உறையின் வரம்பே 1 வாட்தான். ஆகவே மேலே டிஓ-220 உறையை ஹீட் சிங்க்குடன் பொருத்துங்கள். கீழுள்ளதற்குச் சில வோல்ட்டுகளே வருவதால் அங்கே சிறிய உறை போதும். டிஓ-220 உறையின் உலோக முதுகு டிரெயினோடு (கேட், சோர்ஸ், டிரெயின் என்னும் மூன்று கால்களில் ஒன்று) இணைந்தது, அதாவது 350 வோல்ட்டில் நிற்பது என்பதால், மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகடு இல்லாமல் ஹீட் சிங்க்கில் திருகக் கூடாது.

மௌசர், டிஜிகீ போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம் வாங்குவதே பாதுகாப்பு. வேறு இடத்தில் வாங்கினால் ஓர் எளிய சோதனை உண்டு: கேட்டையும் சோர்ஸையும் கம்பியால் இணைத்து, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை டிரெயினிலும் கறுப்பு முனையை சோர்ஸிலும் வையுங்கள். கேட்டுக்கு மின்னழுத்தம் தராமலே கடத்துவது இந்த வகை; எனவே 25 ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. திறந்த சுற்றாகக் காட்டினால், பெயர் மாற்றி அச்சிட்ட சாதாரண மாஸ்பெட் என்று சந்தேகிக்கலாம்.

ஒரே பெட்டியில் வந்தவைகூட ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால் மின்னோட்டத்தை ட்ரிம்பாட்டால்தான் சரிசெய்ய வேண்டும். கேட்டுகளில் சில நூறு ஓம் ரெசிஸ்டர்களை விட்டுவிடாதீர்கள். அவை இல்லையெனில் சுற்று தானாகவே அலைவுறத் தொடங்கிவிடலாம்.

பலனையும் மிகையாக எதிர்பார்க்க வேண்டாம். பெருக்கம் சுமார் 17-இலிருந்து 20-ஐ நெருங்கும். உருக்குலைவு குறைவதே உண்மையான ஆதாயம். அடுத்துள்ள பவர் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம் போலக் குறைவாக இருந்தால், வால்வு பார்க்கும் சுமை மீண்டும் அந்த அளவுக்கே இறங்கிவிடும். ஆகையால் வாங்குவதற்கு முன் அதன் விவரக்குறிப்பைப் பாருங்கள்.