சைகோனிலிருந்து ஆற்று வழியே: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். இந்த நவம்பரில் எங்கள் பகுதியைச் சேர்ந்த இருபது பேர் வியட்நாமும் கம்போடியாவும் போகிறோம். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார். ஹனோய், ஹா லாங் விரிகுடா, பிறகு டா நாங்கும் பா நா மலையும், அடுத்து சைகோன். அங்கிருந்து விமானத்தில் சியெம் ரீப் போய் இரண்டு நாள் அங்கோர். குழு முழுக்க எங்களுடையது என்பதால் திட்டத்தை மாற்றித் தரவும் அவர் தயாராக இருக்கிறார்.

எனக்குச் சில சந்தேகங்கள். அவர் கொடுத்த துண்டறிக்கையில் ‘தமிழ் மன்னர்கள் கட்டிய அங்கோர் வாட்’ என்று இருக்கிறது. இது உண்மையா? உடன் வரும் என் மாமியார் முட்டைகூடத் தொடாதவர். ஒரு சமையல்காரரை அழைத்து வந்து மூன்று வேளையும் நம் சாப்பாடே போடுவதாகச் சொல்கிறார்கள். அதற்குச் சம்மதிக்கலாமா? இந்தத் திட்டத்தில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் எதை மாற்றுவீர்கள்?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் போகும் வழியிலேயே வந்துவிடும். சைகோனிலிருந்து சியெம் ரீப்புக்கு விமானத்தில் போகாதீர்கள். ஆற்றில் போங்கள்.

விமானத்தில் அது ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே மீகாங் கழிமுகம் கடந்துபோய்விடும். வியட்நாமியரும் கம்போடியாவின் பெரும்பான்மையினரான கெமர் மக்களும் சந்தித்ததும் மோதியதும் கலந்ததும் அங்கேதான். நீங்கள் இறங்கப்போகும் சைகோனே ஒரு காலத்தில் பிரேய் நொகோர் என்ற கெமர் ஊர். பதினேழாம் நூற்றாண்டில் வியட்நாமியர் தெற்கே குடியேறத் தொடங்கினார்கள். 1698இல் அவர்களுடைய நிர்வாகம் முறைப்படி அங்கே வந்து அமர்ந்தது. ஆட்சி மாறினாலும் மக்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. இன்றும் வியட்நாமில் சுமார் 13 லட்சம் கெமர் மக்கள் வாழ்கிறார்கள், பெரும்பாலும் இந்தக் கழிமுகத்தில். வியட்நாமியரின் மகாயான பௌத்தத்துக்கு நடுவே அவர்கள் தங்கள் தேரவாத விகாரைகளைக் காத்து வருகிறார்கள். ‘வியட்நாம், கம்போடியா’ என்று துண்டறிக்கை இரண்டு தலைப்பு போடுகிறது. இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தைப் பார்க்காமல் திரும்பினால் பயணத்தில் பாதி போய்விட்டது என்றே சொல்வேன்.

நாள் எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்பீர்கள். டா நாங்கை விட்டுவிடுங்கள். அக்டோபரும் நவம்பரும் வியட்நாமின் நடுக் கடற்கரைக்குக் கடும் மழைக்காலம். டா நாங்குக்கு அருகிலுள்ள ஹோய் ஆன் தெருக்களில் படகு விடும் அளவுக்குத் தண்ணீர் ஏறுவது அப்போதுதான். அதே மாதத்தில் ஹனோயும் ஹா லாங்கும் இதமாக இருக்கும். அவை இருக்கட்டும். பா நா மலையில் 2018இல் திறந்த ‘தங்கப் பாலம்’ இருக்கிறது. இரண்டு பெரிய கைகள் தாங்குவதுபோல் அமைத்த அந்தப் பாலத்தில் நின்று படம் எடுக்கத்தான் கூட்டம். பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய ஒரு பிரெஞ்சுக் கிராமமும் உண்டு. இவற்றுக்காக ஒரு நாளைக் கொடுப்பது வீண். எனக்கு வருத்தம் அதே பகுதியில் இருக்கும் மிசோன் ஒன்றை இழப்பதில்தான். அந்தக் காலத்தில் நடு வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்கள் சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்கள் அவை. 1969இல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் மிகச் சிறந்த கோபுரம் ஒன்று தரைமட்டமானது. மிஞ்சியவற்றில் சில தொகுதிகளை நம் இந்தியத் தொல்லியல் துறை சீரமைத்தது. அந்தப் பணியின்போதுதான் 2020இல் ஒற்றைக் கல்லில் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. நவம்பரில் அங்கே போக முடியாத குறையைச் சைகோன் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் சம்பா சிற்பங்கள் ஓரளவு தீர்க்கும்.

சைகோனிலிருந்து பஸ்ஸில் கன் தோ மூன்று நான்கு மணி நேரம். அங்கே காய் ராங் மிதக்கும் சந்தைக்கு விடியற்காலையில் அழைத்துப் போவார்கள். சாலைகள் வந்த பிறகு அது மெலிந்துவிட்டது, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். என்ன விற்கிறார்களோ அதை ஒரு நீண்ட கழியின் நுனியில் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை மட்டும் கவனியுங்கள். அன்னாசி தொங்கினால் அது அன்னாசிப் படகு.

கன் தோவிலிருந்து ஒரு பகலைச் சொக் ட்ராங்குக்குக் கட்டாயம் ஒதுக்குங்கள். 2025இல் நிர்வாகத்தில் இது கன் தோவோடு சேர்ந்துவிட்டது. கூரை முனைகளில் நாகங்கள் நெளியும் கெமர் விகாரைகள் இங்கே வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. புலால் உண்பவர்கள் இந்த ஊரின் புன் நுவொக் லெயோவைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அரிசி நூடுல்ஸ் மேல் தெளிந்த மீன் சாறு, எலுமிச்சைப்புல் வாசம், உரித்த மீன், இறால், பெரும்பாலும் மொறுமொறுப்பான பன்றி வறுவலும் இருக்கும். சாற்றுக்கு அடித்தளம் பிரஹொக் என்ற கெமர் புளித்த மீன் விழுது. நூடுல்ஸ் சாற்றில் ஊறும் முறை வியட்நாமியருடையது, மேலே வைக்கும் வறுவல் சீனர் கைப்பக்குவம். மூன்று சமூகங்களும் இதைத் தங்கள் சாப்பாடு என்றே சொல்கின்றன. நெடி முதலில் தூக்கி அடிக்கும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த மூக்குக்கு அது இரண்டு வாயில் பழகிவிடும்.

உங்கள் தேதி பௌர்ணமியை ஒட்டி அமைந்தால் அது பெரிய பேறு. பெரும்பாலும் நவம்பரில் வரும் அந்தப் பௌர்ணமியில் சொக் ட்ராங்கில் கெமர் மக்கள் நீண்ட மரப் படகுகளில் போட்டி நடத்துகிறார்கள். அதே நாட்களில் புனோம் பென் ஆற்றங்கரையிலும் கம்போடியாவின் படகுப் போட்டி. இரண்டு இடங்களிலும் நிலவுக்குப் படைப்பது புது நெல்லில் இடித்த அவலும் வாழைப்பழமும்தான். இடையில் ஒரு சர்வதேச எல்லை இருப்பது அந்த அவலில் தெரியாது.

அடுத்து சௌ டொக். எல்லைக்குச் சற்று முன்னால் உள்ள ஊர். சாம் மலை அடிவாரத்தில் பா சுவா சூ என்ற அம்மன் கோயில் இருக்கிறது. தெற்கு வியட்நாம் முழுவதிலிருந்தும் வேண்டுதலோடு வருகிறார்கள், பட்டாடை சாத்துகிறார்கள். இந்தக் கோயிலின் திருவிழாவை 2024இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அம்மனாக வணங்கப்படும் சிலை, வியட்நாமியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் வடித்த ஓர் ஆண் உருவம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பழைய சமயம் மண்ணில் விட்டுப்போன கல்லுக்குப் புதிதாக வந்தவர்கள் சேலை கட்டித் தாயாக்கிக்கொண்டார்கள். இந்தக் கழிமுகத்தின் வரலாற்றை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த வரலாற்றில் இரத்தமும் இருக்கிறது. சௌ டொக்கிலிருந்து கடலை நோக்கிப் போகும் வின் தே கால்வாயை 1819க்கும் 1824க்கும் இடையே வெட்டினார்கள். வியட்நாமியரும் கெமர் மக்களும் ஆயிரக்கணக்கில் அதில் வேலை வாங்கப்பட்டார்கள், பலர் செத்தார்கள். வியட்நாமிய வழிகாட்டி அதைத் தரிசு நிலத்தை விளைநிலமாக்கிய சாதனை என்பார். கம்போடிய வழிகாட்டிக்கு அது தன் முன்னோர் பட்ட கொடுமை. அருகிலுள்ள பா சுக் கிராமத்தில் 1978 ஏப்ரலில், பொல் பாட் தலைமையில் அப்போது கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜின் படை எல்லை தாண்டி வந்து 3,157 பேரைக் கொன்றது. அடுத்த ஜனவரியில் வியட்நாமிய ராணுவம் புனோம் பென்னுக்குள் நுழைந்து பொல் பாட் ஆட்சியை முடித்தது. அது விடுதலையா ஆக்கிரமிப்பா என்று கேட்டால் கம்போடியாவில் ஒரே வீட்டுக்குள் இரண்டு பதில் வரும். உங்கள் வழிகாட்டிகள் இருவரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். மரியாதையோடு கேட்டால் சொல்வார்கள். தேதிகளையும் உயரங்களையும் ஒப்பிப்பதைக் காட்டிலும் அந்தப் பேச்சு மதிப்புள்ளது.

சௌ டொக்கிலிருந்து காலையில் புறப்படும் விரைவுப் படகு சுமார் ஐந்து மணி நேரத்தில் புனோம் பென் சேரும். எல்லைச் சாவடியே ஆற்றங்கரையில்தான். படகை விட்டு இறங்கி முத்திரை வாங்கி மறுபடி ஏறுவீர்கள். புனோம் பென்னில் மீகாங்கோடு தொன்லே சாப் ஆறு சேர்கிறது. மழைக்காலத்தில் மீகாங்கின் வெள்ளம் தாங்காமல் இந்த ஆறு திசை மாறி, வடமேற்கே இருக்கும் ஏரிக்குள் பின்னோக்கிப் பாயும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, நல்ல மழை ஆண்டுகளில் 15,000 வரை விரியும். சுற்றியுள்ள காடு மூழ்கும், மீன்கள் மரங்களுக்கு நடுவே குஞ்சு பொரிக்கும். மழை நின்றதும் ஆறு மறுபடி திரும்பும், மீன்களும் அதோடு இறங்கும். படகுத் திருவிழா அந்தத் திருப்பத்தின் விழா. மேலே கட்டிய அணைகளாலும் பொய்த்த மழையாலும் சமீப ஆண்டுகளில் சில பருவங்களில் இந்தப் பின்னோட்டம் தாமதமாகியும் குறைந்தும் போயிருக்கிறது. 2019இலும் 2020இலும் மீன்பாடு கடுமையாக விழுந்தது. ஒரு நாட்டின் முதன்மையான புரதமே அந்த மீன்தான் என்பதால் இது எனக்குப் பெரிய கவலை.

புனோம் பென்னில் துவோல் ஸ்லெங் போங்கள். பள்ளிக்கூடமாக இருந்து 1975க்குப் பிறகு சித்திரவதைச் சிறையான இடம். நீங்களும் உங்கள் மனைவியும் ஆசிரியர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கும் அறைகளில் இரும்புக் கட்டில்கள் கிடக்கும். மாமியாரை அன்று விடுதியிலேயே ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

அங்கிருந்து சாலை வழியாகச் சியெம் ரீப். வழியில் சற்று விலகினால் சம்போர் பிரேய் குக், ஏழாம் நூற்றாண்டுச் செங்கல் கோயில்கள், அங்கோர் வாட்டுக்கு ஐந்நூறு ஆண்டு மூத்தவை. கூட்டம் இருக்காது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அங்கோர் வாட்டைத் தமிழ் மன்னர் யாரும் கட்டவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பியது அது. கெமர் கல்வெட்டுகளில் கடவுளையும் அரசனையும் போற்றும் பகுதி சமஸ்கிருதத்தில் இருக்கும். நிலம், நெல், கோயில் பணியாளர்களின் பெயர் ஆகியவை பழங்கெமரில் இருக்கும். நம் பல்லவர் செப்பேடுகளில் சமஸ்கிருதமும் தமிழும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட அதே விதம். தொடர்பு உண்மை, ஆனால் அது ஆண்டான் அடிமைத் தொடர்பு கிடையாது. கம்போச மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பி நட்பு கேட்டதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அந்நாட்டு மன்னன் அளித்த ஒரு கல் சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. இரண்டு அரசுகள் பரிசு பரிமாறிக்கொண்ட கதை இது. அந்தத் துண்டறிக்கை வரியை நீக்கச் சொல்லுங்கள். கம்போடிய வழிகாட்டி ஒருவரின் முன்னால் அதை உரக்கச் சொன்னால் அவருக்கு மனம் வலிக்கும்.

அங்கோர் வாட்டின் கிழக்குத் திருச்சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. எல்லோரும் தேவரையும் அசுரரையும் எண்ணுவார்கள். நீங்கள் குனிந்து கீழ்வரிசையைப் பாருங்கள். மந்தர மலையை நெருங்க நெருங்க மீன்களும் முதலைகளும் சுழற்சியின் வேகத்தில் துண்டு துண்டாக அறுபடுகின்றன. கதை நம் பக்கத்திலிருந்து போனது, மீன்கள் தொன்லே சாப்பில் பிடித்தவை. அங்கோரின் இன்னொரு கோயிலான பாயோனின் வெளிச்சுற்றில் மீன்கள் மரங்களுக்கு நடுவிலேயே நீந்துகின்றன. ஆற்று வழியே வந்திருந்தால் அது சிற்பியின் கற்பனை என்று நினைக்க மாட்டீர்கள்.

தமிழராக நெகிழ வேண்டிய இடம் பாந்தேய் ஸ்ரெய். 967இல் எழுந்த இளஞ்சிவப்புக் கற்கோயில், கட்டியவர் யக்ஞவராகர் என்ற அரசவைப் பண்டிதர். அங்கே ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். படையெடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு பக்தையின் பெயர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அந்தக் கோயிலுக்குப் போகும் வழியில் பிரேய டாக் கிராமத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைத் துணியில் கட்டி நீர் வடித்து, உலக்கையால் இடித்துப் பிசைந்து, துளைகள் கொண்ட குழலில் அழுத்திக் கொதிநீருக்குள் நேராகப் பிழிகிறார்கள். வெந்ததும் அள்ளிக் குளிர்ந்த நீரில் அலசிச் சிறு சிறு கட்டாகச் சுருட்டி வைப்பார்கள். அதன் மேல் பச்சை நிறத்தில் மீன் குழம்பு. மாமியாருக்குக் குழம்பில்லாமல் நூடுல்ஸும் வாழைப்பூவும் கீரையும் கேட்டு வாங்கலாம். சாலையோரம் பனை வெல்லம் காய்ச்சுகிறார்கள். பாளையை இடுக்கி நசுக்கிச் சீவுவது நம் முறைதான். புளிக்காமலிருக்க நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம், அவர்கள் மூங்கில் குழாயில் ஒரு மரத்தின் சிராய் போடுகிறார்கள். பனை அவர்களின் தேசிய மரம்.

சமையல்காரர் வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று வேளையும் சாம்பார் சாப்பிட்டால் அந்த நாடுகளின் பாதி உங்களுக்குத் தெரியாமலே போகும். வியட்நாமில் ‘சாய்’ என்று பலகை தொங்கும் கடைகள் பௌத்த சைவ உணவகங்கள், நகரங்களில் தாராளமாக இருக்கின்றன. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் உள்ளூர் மக்களே அங்கே வரிசையில் நிற்பார்கள். கம்போடியாவில் சிரமம் உண்டு, மீன் சாறு எதிலும் நுழைந்துவிடும். மீன் சாறும் பிரஹொக்கும் இறாலும் முட்டையும் வேண்டாம் என்று கெமர் எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தரும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள். அவலும் ஊறுகாயும் பருப்புப் பொடியும் மாமியாரின் பையில் இருக்கட்டும்.

திட்டத்தை மாற்றுவதானால் இந்த வாரமே பேசிவிடுங்கள். உங்கள் விசா அந்த ஆற்று எல்லையில் செல்லுபடியாகுமா என்று ஏற்பாட்டாளர் எழுத்தில் உறுதி தர வேண்டும். பௌர்ணமி வாரத்தில் புனோம் பென்னில் அறை கிடைப்பதும் எளிதல்ல.