ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை... இனி கர்ப்ப பயம் வேண்டாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. இரவில் திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது. ‘அதான் நின்றுவிட்டதே, இனி ஆணுறை எதற்கு?’ என்று கணவர் சொன்னதால் மூன்று மாதமாக அதையும் விட்டுவிட்டோம். வயிறு உப்பிக்கொண்டே இருக்கவும், பயந்துபோய் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்தேன். இரண்டாவது கோடு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதை யாரிடம் கேட்பது? என் தங்கைக்கு 43 வயது. தாமதமாகத் திருமணம் ஆனவள், குழந்தைக்காக ஏங்குகிறாள். அவளுக்கும் மாதவிலக்கு தள்ளிப்போக ஆரம்பித்திருக்கிறது. அவளுக்கு வழி உண்டா?

பதில்: முதலில் அந்த மங்கலான கோட்டுக்கு ஒரு முடிவு கட்டுவோம். அதை வைத்து கர்ப்பம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உறையில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டிப் பார்த்தால், சிறுநீர் காய்ந்த தடமே சாம்பல் நிறக் கோடாகத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. கர்ப்பத்தைக் காட்டும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனை, மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் கொஞ்சம் சுரக்கும். கர்ப்பமே இல்லாத பெண்ணுக்கு ரத்தத்தில் 8, 10 என்று காட்டுவது அதனால்தான்.

எனவே இந்த வாரமே ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி. பாருங்கள். 48 மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். நன்றாக வளரும் இளங்கர்ப்பம் என்றால் அளவு மளமளவென்று ஏறும். பிட்யூட்டரியின் வேலை என்றால் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். ஏறியும் ஏறாமலும் இழுத்தால், கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கமாக அடிவயிற்று வலியோ மயக்கமோ வந்தால் முடிவுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஸ்கேன் எடுக்கும்போது சினைப்பைகளையும் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் விடாமல் நீடிக்கும் உப்புசத்தை வாயுத் தொல்லை என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்து, உங்கள் கணவரின் கணக்கு. அது தப்பு. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிலக்கு நின்றுவிட்டது என்போம், அதுவும் பின்னோக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சினைப்பை மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று ஒரு முட்டையை வெளியிடும். முட்டை வெளிவந்து சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் உதிரப்போக்கு வரும் என்பதால் முன்னறிவிப்பே கிடைக்காது. ‘பாதுகாப்பான நாட்கள்’ கணக்கும் இப்போது உதவாது. சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனுக்குப் பரிசோதனை ஒன்று செய்து ‘நின்றுவிட்டது’ என்று யாராவது சொன்னாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த அளவு இந்த மாதம் உச்சத்தில் இருக்கும், அடுத்த மாதம் சரசரவென்று இறங்கிவிடும்.

நடைமுறையில் நாங்கள் சொல்வது இதுதான்: கடைசி மாதவிலக்கு 50 வயதுக்கு முன் வந்திருந்தால் அதிலிருந்து இரண்டு ஆண்டுகள், 50-க்குப் பின் என்றால் ஓராண்டு கருத்தடை தேவை. இடையில் மறுபடி வந்துவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். பொதுவாக 55 வயதில் நிறுத்திவிடலாம். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று தெரிந்தால் ஆணுறையே போதும், ஒவ்வொரு முறையும் போட வேண்டும், அவ்வளவுதான். 40 வயதுக்கு மேல் போட்டுக்கொள்ளும் காப்பர் டி-யை மேலே சொன்ன காலம் முடியும்வரை மாற்றத் தேவையில்லை. இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கருத்தடை மாத்திரையை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது செயற்கையாக உதிரப்போக்கைக் கொடுத்து நிஜ நிலவரத்தை மறைத்துவிடும், 50-க்கு மேல் ரத்த உறைவு ஆபத்தும் கூடும். வியர்வைக்காகத் தரும் ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒருவேளை கர்ப்பம்தான் என்றால்? 45-க்கு மேல் உண்டாகும் கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதி தானாகவே கலைந்துவிடுகிறது. 45 வயதில் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் கோளாறு வரும் வாய்ப்பு சுமார் 30-ல் ஒன்று. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் எட்டிப்பார்க்கும். ஆனாலும் சரியான கண்காணிப்பில் நல்லபடியாகப் பெற்றெடுப்பவர்கள் இருக்கிறார்கள். தொடர்வதா வேண்டாமா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. என் கவலையெல்லாம் கூச்சம்தான். பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நாலாம் மாதம் வரை மறைத்துவிட்டு வந்தால், எந்த வழியும் சுலபமாக இருக்காது.

தங்கை விஷயத்தில் இதே வாதத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. எப்போதோ ஒரு முட்டை வரும் என்பது உங்களுக்கு எச்சரிக்கை, ஆனால் அவள் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. பிறக்கும்போது பத்து இருபது லட்சமாக இருக்கும் முட்டைகள் மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் ஆயிரம் அளவுக்குக் குறைந்துவிடும். எண்ணிக்கையைவிட, மிஞ்சியவற்றில் குரோமோசோம் கோளாறு அதிகம் என்பதுதான் பெரிய சிக்கல். ‘ஓராண்டு முயன்று பாருங்கள்’ என்ற அறிவுரை 35-க்குக் கீழே உள்ளவர்களுக்கு. 40 தாண்டியவர்கள் உடனே போக வேண்டும். முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ஹார்மோன், சினைப்பை ஸ்கேன், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் எல்லாம் பார்ப்பார்கள். கணவரின் விந்துப் பரிசோதனையும் அதே நாளில் நடக்கட்டும். மனைவியைப் பல மாதம் அலைக்கழித்த பிறகு கடைசியில் அவரை அழைத்து வருவது இன்னும் மாறவில்லை.

அவளுடைய சொந்த முட்டையில் ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய்க் குழந்தை முறையைச் செய்தால், 43 வயதில் குழந்தை கையில் கிடைக்கும் வாய்ப்பு ஒரு முறைக்கு நூற்றுக்கு ஐந்து அளவில்தான். தானமாகப் பெற்ற முட்டை என்றால் நிலைமை வேறு. வெற்றி பெரும்பாலும் முட்டை தந்தவரின் வயதைப் பொறுத்தது. கர்ப்பப்பை அவ்வளவு சீக்கிரம் தளர்ந்துவிடுவதில்லை, மாதவிலக்கு நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்து அதைத் தயார் செய்ய முடியும். அறுபதைத் தாண்டிய பெண் பெற்றெடுத்தார் என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த வழிதான். செய்தியில் அதை மட்டும் எழுத மாட்டார்கள்! அதற்கு முன் இதயம், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை எல்லாம் பார்த்தாக வேண்டும். ஒரே ஒரு கருவைத்தான் வைக்கச் சொல்ல வேண்டும், இரட்டைக் குழந்தை ஆசை இந்த வயதில் வேண்டாம். ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைச் சினைப்பையில் ஊசியாகப் போட்டு இளமையாக்குகிறோம் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கட்டாதீர்கள், அது பலன் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் அவள் இன்றே தொடங்கலாம். வலிப்பு நோய்க்கு மருந்தோ, சர்க்கரையோ இருந்தால் அளவு மாறும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.