காலையில் நன்றாக இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு, மாலையில் மட்டும் ஏன் ‘எரர்’ காட்டுகிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. காலையில் பால் காய்ச்சவும் காபிக்கு வெந்நீர் வைக்கவும் ஒரு தொந்தரவும் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இட்லி வைத்தால், பத்து நிமிடத்துக்குள் பீப் பீப் என்று கத்திவிட்டு ‘இ3’ காட்டி நின்றுவிடுகிறது. கடையில் காட்டினோம். “இது ஃபர்ம்வேர் எரர். உள்ளே இருக்கிற ப்ரோக்ராம் கெட்டுப்போச்சு, போர்டையே மாத்தணும்” என்கிறார்கள். கேட்கிற தொகை புது அடுப்பு விலையில் பாதிக்கு மேல் வருகிறது. மாற்றிவிடலாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள் அம்மா. ப்ரோக்ராம் கெட்டிருந்தால் அதற்குக் காலை, மாலை என்ற வித்தியாசம் தெரியாது. காலையில் ஒழுங்காகப் பால் காய்ச்சித் தருகிறது என்றால் ப்ரோக்ராம் நலமாகத்தான் இருக்கிறது.

அந்த ப்ரோக்ராம் உங்கள் அடுப்பின் போர்டில் இருக்கும் ஒரு சின்ன ஐ.சி.க்குள், அதாவது சிப்புக்குள், கம்பெனியிலேயே ஏற்றி அனுப்பப்பட்டது. அதன் வேலையில் பெரும்பகுதி காவல் காப்பது. கரண்ட் எத்தனை வோல்ட்டில் வருகிறது, கண்ணாடித் தட்டின் அடியில் எவ்வளவு சூடு, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருளுக்கு (காயில்) கரண்டைத் திறந்து மூடுகிற ஐஜிபிடி என்ற பாகம் எவ்வளவு சூடு என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று எல்லை தாண்டினால் அடுப்பை நிறுத்திவிட்டு நம்பரைக் காட்டும். எதையோ பார்த்துத்தான் இ3 என்கிறது. எதைப் பார்த்தது என்று தேடுவதுதான் நம் வேலை.

முதலில் அடுப்போடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். இந்த நம்பர்களுக்குப் பொது விதி கிடையாது. ஒரு கம்பெனியில் இ3 என்றால் வோல்டேஜ் கோளாறு, இன்னொன்றில் அதே இ3 சூட்டு சென்சார் கோளாறு. கையேடு தொலைந்திருந்தால் அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைச் சொல்லிக் கம்பெனியின் சேவை மையத்தில் கேளுங்கள். அதோடு, பிளக்கையே பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பட்டனில் அணைத்தாலும் போர்டுக்கு உள்ளே 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ப்ரோக்ராம் எங்காவது சிக்கி நின்றிருந்தால் பிளக்கைப் பிடுங்கினால்தான் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் கதையில் இது தீர்வாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் செலவில்லாத காரியம்.

இப்போது முக்கியமான விஷயம். காலைக்கும் மாலைக்கும் நடுவே உங்கள் வீட்டில் ஒன்றல்ல, இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. ஒன்று நேரம்: ஏழு மணிக்குத் தெருவே விளக்கு, டிவி, மோட்டார் என்று போட்டுவிடுவதால் பல ஊர்களில் வோல்டேஜ் இறங்கும். இன்னொன்று சமையல்: பால் சில நிமிடத்தில் முடிந்துவிடும், இட்லிக்கு அடுப்பு ஒரே மூச்சில் கால் மணி நேரம் ஓட வேண்டும். அப்போது உள்ளே சூடு ஏறும். வோல்டேஜா, சூடா? இதைப் பிரித்துப் பார்க்காமல் போர்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

பிரிப்பது சுலபம். நாளைக் காலையில், சாயங்காலம் வைக்கிற அதே இட்லிப் பானையில் தண்ணீர் நிரப்பி, அதே அளவு வாட்டில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். காலையிலும் இ3 வந்தால் சூடு. வரவில்லை என்றால் வோல்டேஜ்.

சூடு என்றால் முதலில் அடுப்பைத் தூக்கி அடியில் பாருங்கள். மேடை அழுக்காகக் கூடாது என்று கீழே நியூஸ் பேப்பரோ பிளாஸ்டிக் ஷீட்டோ விரித்திருக்கிறீர்களா? பழுது என்று எங்களிடம் வருகிற அடுப்புகளில் இது அடிக்கடி பார்க்கிற காரணம். அடியில் இருக்கும் ஃபேன் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் காற்று எங்கிருந்து வரும்? விரிப்பை எடுத்துவிட்டு, அடுப்பு ஓடும்போது ஃபேன் பக்கம் ஒரு மெல்லிய காகிதத் துண்டை நீட்டிப் பாருங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டும். சோம்பலாக ஆடினால், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறுகியிருக்கிறது. சுத்தம் செய்தாலோ ஃபேனை மட்டும் மாற்றினாலோ போதும்.

ஃபேன் நன்றாக இருந்தால் மெக்கானிக்கிடம் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலின் நடுவே கண்ணாடியை ஒட்டி மிளகு அளவில் ஒன்று இருக்கும், தெர்மிஸ்டர் என்பார்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் அது 25 டிகிரியில் 100 கிலோ ஓம். நம் ஊர் வெயிலில் மல்டிமீட்டர் 75, 80 என்று காட்டும். விரலில் பிடித்தால் மளமளவென்று இறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ, ஒயரை ஆட்டும்போது தாவித் தாவிக் காட்டினாலோ அதுதான் குற்றவாளி. விலை சொற்பம்.

வோல்டேஜ் பக்கம் என்றால், முதலில் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட். 1,800 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன 6 ஆம்பியர் பாயிண்ட்டிலோ, அடாப்டர் போட்டோ ஓட்டினால் பின் சூடாகி, பிடி தளர்ந்து, அந்த இடத்திலேயே வோல்டேஜ் குறையும். சமைத்து முடித்து ஸ்விட்சை அணைத்த பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா, ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு ஏறியிருக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பாயிண்ட்டை உடனே 16 ஆம்பியராக மாற்றுங்கள். அடுப்புக்காக மட்டும் சொல்லவில்லை, சமையலறையில் தீப்பிடிக்கிற வழி அது.

பாயிண்ட்டும் சரி, வீட்டு வோல்டேஜும் 220க்கு மேல் இருக்கிறது, அப்படியும் இ3 என்றால் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்கள்: “வோல்டேஜ் சென்ஸ் பண்ற ரெசிஸ்டர்களைக் கழற்றி அளந்து பாருங்க.” மெயின் கரண்ட்டைக் குறைத்து ஐ.சி.க்குக் காட்டுவதற்காக, பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள், வரிசையாக இருக்கும். வருடக்கணக்கில் சூடு பட்டு அவற்றின் ஓம் ஏறிவிடும். வீட்டில் 230 வந்தாலும் ஐ.சி.க்கு அது 170 மாதிரி தெரியும், உடனே நிறுத்திவிடும். ரெசிஸ்டர் மேல் இருக்கும் வண்ணப் பட்டைகள் சொல்கிற ஓம் ஒன்றும் மீட்டரில் வேறொன்றுமாக இருந்தால் பிடிபட்டது. சில ரூபாய் ரெசிஸ்டருக்காக நல்ல போர்டைக் குப்பையில் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

இதற்காக நீங்களோ வீட்டுப் பிள்ளைகளோ திருப்புளியை எடுக்க வேண்டாம். அந்தப் போர்டு முழுக்க மெயின் கரண்ட் நேரடியாக ஓடுகிறது. கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும். சூட்டை வெளியேற்றுவதற்காகப் பளபளவென்று இருக்கும் அலுமினிய ஹீட் சிங்க்கைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம்.

ஐ.சி. நிஜமாகவே போகிற நேரமும் உண்டு. ஐஜிபிடி ஷார்ட் ஆகும்போது அதன் வோல்டேஜ் ஐ.சி. வரை பாய்ந்துவிடும். அப்போது எல்லா விளக்கும் ஒன்றாக எரியும், எந்த பட்டனும் கேட்காது, இல்லையென்றால் அடுப்புக்கு உயிரே வராது. ப்ரோக்ராம் இல்லாத வெறும் ஐ.சி.யை வாங்கிப் போட்டுப் பயனில்லை, போர்டைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் அடுப்புக்கு அந்த நிலை வரவில்லை.

கேள்வி: வோல்டேஜ் பிரச்சினைக்கு ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் இண்டக்‌ஷன் அடுப்பை மாட்டலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: கூடாது. சாதாரண ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் சில நூறு வாட்டுக்குச் செய்தது. அடுப்பு 2,000 வாட் வரை கேட்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே பதில். வோல்டேஜ் தினமும் இறங்குகிறது என்றால் தெருவில் நாலு வீடு சேர்ந்து மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். அதுவரை மாலையில் 1,000 வாட்டுக்குக் கீழே வைத்துச் சமைத்துப் பாருங்கள், சில அடுப்புகள் அதற்கு ஒத்துழைக்கும்.

கேள்வி: மற்ற பாத்திரங்கள் எல்லாம் சரி. பழைய குக்கரை வைத்தால் மட்டும் ‘இ0’ வருகிறது. அடியில் காந்தம் ஒட்டுகிறதே?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: குக்கரைக் கவிழ்த்து, அடியில் ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். நடுவில் புடைத்தோ குழிந்தோ இருக்கும். அடுப்பு ஒவ்வொரு முறையும் காயிலில் ஒரு சிறு துடிப்பைக் கொடுத்து, அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று எண்ணிப் பார்க்கும். பாத்திரம் ஒட்டி இருந்தால் துடிப்பு சட்டென்று அடங்கும், விலகி இருந்தால் நீண்டுகொண்டே போகும். அதனால்தான் பாத்திரமே இல்லை என்று நினைத்து இ0 காட்டுகிறது. அந்தக் குக்கர் கேஸ் அடுப்புக்குப் போகட்டும்.