லேசர் ‘சரி’ என்கிறது, நட்சத்திரம் வால் விடுகிறது

கேள்வி: என்னுடையது 150 மி.மீ., எஃப்/5 (குவியத்தூரம் விட்டத்தைப்போல் 5 மடங்கு) நியூட்டோனியன் தொலைநோக்கி; அடியில் ஒரு பெரிய ஆடி, மேலே சாய்வாக ஒரு சிறிய ஆடி. ஆடிகளை நேர்ப்படுத்த உதவும் லேசர் கோலிமேட்டரில் புள்ளி நடுவில்தான் நிற்கிறது. ஆனாலும் அதிக உருப்பெருக்கத்தில் நட்சத்திரம் வால்மீன் போல ஒரு பக்கம் இழுபடுகிறது. ஏன்?

பதில்: வால் எங்கே தெரிகிறது? காட்சியின் ஓரத்தில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். எஃப்/5-இல் அது இயல்பு. நட்டநடுவிலும் இருந்தால்தான் ஆடிகள் விலகியிருக்கின்றன.

முதலில் லேசரையே சந்தேகியுங்கள். ஒரு பலகையில் நான்கு ஆணிகளை இரண்டு ‘கவட்டை’களாக அடித்து, அதன்மேல் லேசரைக் கிடத்தி உருட்டுங்கள். 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் புள்ளி அசையாமல் நின்றால் நல்லது. வட்டம் போட்டால் கதிரே கோணல். அதற்கேற்பச் சிறிய ஆடியைச் சாய்த்து, பிறகு பெரிய ஆடியையும் சாய்த்திருப்பீர்கள்; புள்ளி ஒழுங்காகத் திரும்பி வரும், இரண்டு ஆடியும் தப்பாக இருக்கும்.

செஷயர் ஐபீஸ் (ஆடிகள் நேராக உள்ளனவா என்று கண்ணால் பார்க்க உதவும் துளைக்குழல்) இந்த விஷயத்தில் ஏமாற்றாது. குழாயைக் கிடைமட்டமாக வையுங்கள். ஸ்பேனர் நழுவினாலும் பெரிய ஆடிமேல் விழாது. சிறிய ஆடியின் விளிம்பு ஃபோகஸருக்கு (ஐபீஸ் செருகும் குழாய்) நேர் கீழே முழு வட்டமாகத் தெரியவேண்டும். அதன் பின்னாலுள்ள நடுத்திருகு அதை முன்பின் நகர்த்தும், சுற்றியுள்ள மூன்றும் சாய்க்கும். பெரிய ஆடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் எல்லாம் அதில் சமமாகத் தெரிந்ததும் அதை விட்டுவிடலாம். உள்ளே தெரியும் சிறிய ஆடியின் கரிய நிழல் மட்டும் பெரிய ஆடிப் பக்கம் சற்று ஒதுங்கியிருக்கும். அது சரியான நிலைதான். அதை நடுவுக்குக் கொண்டுவரப் போய்த்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து பெரிய ஆடி. பூட்டுத்திருகுகளைத் தளர்த்தி, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, ஆடியின் நடுக்குறியைச் செஷயரின் ஒளிவளையத்துக்குள் உட்கார வையுங்கள். பூட்டும்போதும் கண்ணை எடுக்காதீர்கள், இறுக்கும்போதே குறி நகரும். எஃப்/8-இல் நட்சத்திரம் கூர்மையாகத் தெரியும் நடுப்பரப்பின் விட்டம் சுமார் 11 மி.மீ.; எஃப்/5-இல் 3 மி.மீ.கூட இல்லை. சின்ன நகர்வும் வாலாகத் தெரிவது அதனால்தான்.

கடைசித் தீர்ப்பு நட்சத்திரத்துடையது. ஆடி குளிர்ந்தபின், ஒளிமிக்க ஒன்றை நடுவில் வைத்து லேசாகக் குவியம் விலக்குங்கள். வளையங்கள் ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் பெரிய ஆடியின் ஒரு திருகை அரைக்கால் சுற்று திருப்பி, நட்சத்திரத்தை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மோசமானால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

வால் போய் முக்கோணம் வந்தால் அது கோலிமேஷன் (ஆடிகளை நேர்ப்படுத்தும்) கோளாறல்ல. கிளிப்புகள் ஆடியை நெரிக்கின்றன. இடையே ஒரு தாள் நுழையும் அளவு தளர்த்துங்கள்.