அழுத்தம் எந்த அசையில்? ஸ்பானிய வினைச்சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்பானிய மொழியில் 'பேசுகிறேன்', 'அவர் பேசினார்' இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். ஒன்று ஆப்லொ, இன்னொன்று அப்லோ (அழுத்தத்தை நெடிலால் குறித்திருக்கிறேன்). அழுத்தம் எங்கே விழும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: குறிக்க நெடில் வசதிதான், ஆனால் உச்சரிக்கும்போது இழுக்காதீர்கள். ஸ்பானியத்தில் குறில், நெடில் பொருளை மாற்றாது, அழுத்தம்தான் மாற்றும்.

முதலில் சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். உயிர், ன், ஸ் என்றால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய் என்றால் கடைசி அசையில். இதற்கு மாறினால் அந்த உயிரெழுத்தின் மேல் சாய்கோடு போடுவார்கள். ஆ-ப்லொ விதிப்படி நடக்கிறது, கோடில்லை. அ-ப்லோ மீறுகிறது, கோடு உண்டு. 'பேசிக்கொண்டிருந்தோம்' அ-ப்லா-ப-மொஸ்: ஸ் முடிவு என்பதால் அழுத்தம் 'ப'வில் விழ வேண்டும், 'ப்லா'வில் விழுவதால் கோடு.

நாம் தவறுவது பெரும்பாலும் பிரிப்பதில். நம் நாக்குக்கு 'அப்-லொ' என்றுதான் வரும். ப், க், ஃப் ஆகியவற்றோடு ல் அல்லது ர் சேர்ந்தாலும், த்-ஓடு ர் சேர்ந்தாலும் பிரிக்கக் கூடாது. ஸ் மட்டும் முன் அசையோடு போகும்: 'எழுத' எஸ்-க்ரி-பீர். யாப்பில் படித்த நேர், நிரையை மறந்துவிடுங்கள். இரு குறில் சேர்ந்த நிரை இங்கே இரண்டு அசை.

கேள்வி: 'மாறுகிறது' காம்-ப்ய, இரண்டு அசை. 'அனுப்புகிறது' எம்-பீ-அ, மூன்று. இரண்டுமே இ, அ என்றுதானே முடிகின்றன?

பதில்: அ, எ, ஒ வலியவை, இ, உ மெலியவை. மெலியதும் வலியதும் அடுத்தடுத்து வந்தால் ஒரே அசை. அழுத்தம் மெலியதில் விழுந்தால் கோடு வரும், அசை பிரியும். இவ்வகை வினைகளில் எது பிரியும் என்பதற்குக் குறுக்குவழி இல்லை. 'நான்' வடிவத்தை மனப்பாடம் செய்யுங்கள்: காம்-ப்யொ, எம்-பீ-ஒ. 'அனுப்புகிறோம்' என்னும்போது அழுத்தம் நகர்ந்துவிடுவதால் எம்-ப்யா-மொஸ், கோடில்லை.

வலியவை இரண்டு சேரவே சேராது: 'படிக்க' லெ-ஏர். வெவ்வேறு மெலியவை இரண்டு (இ, உ) அடுத்தடுத்து வந்தால் எழுத்திலக்கணப்படி எப்போதும் ஒரே அசை. அதனால்தான் 'படித்த' லெ-ஈ-தொவுக்குக் கோடு உண்டு, 'கட்டிய' கொன்ஸ்-த்ர்வீ-தொவுக்கு இல்லை. தேர்வில் பலரும் சறுக்கும் இடம் இது.

கேள்வி: 'வழிநடத்தினார்' க்யோ பழைய புத்தகத்தில் கோட்டோடு இருக்கிறது, புதியதில் இல்லை. அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. 2010-இல் ஸ்பானிய அரச அகாதெமி வெளியிட்ட எழுத்துவிதிகள் அதை ஓரசைச் சொல்லாக எண்ணுகின்றன. ஓரசைச் சொல்லுக்குப் பொதுவாகக் கோடில்லை. 'வழிநடத்துகிறேன்' கீ-ஒ ஈரசை. அதன் கோடு அப்படியே இருக்கும்.