பப்பாளிக்கு பாசிட்டிவ் வந்தால் கொரோனா பொய்யா?

கேள்வி: கொரோனா சமயத்தில் பப்பாளிப் பழத்துக்கும் ஆட்டுக்கும்கூட பாசிட்டிவ் வந்தது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னமும் ஒரு செய்தி சுற்றுகிறது. பரிசோதனையே தப்பு என்றால், தினமும் மாலையில் டிவியில் சொன்ன கணக்கெல்லாம் ஊதிப் பெருக்கியதுதானே? எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் முதலில் ஒருத்தருக்கும் இல்லை. டெஸ்ட்டைக் கூட்டிய பிறகுதானே வந்தது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பரிசோதனை தப்பினால் கணக்கும் தப்பும் என்பது சரி. ஆனால் தப்பும்போதெல்லாம் எண் கூடத்தான் செய்யும் என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? கொரோனாவில் நடந்தது பெரும்பாலும் நேர்மாறு.

உங்கள் குழுவில் சுற்றும் செய்தியின் மீதிப் பாதியைச் சொல்கிறேன். பப்பாளிக்கும் ஆட்டுக்கும் பாசிட்டிவ் வந்தது என்று 2020 மே மாதம் சொன்னவர் தான்சானியாவின் அதிபர் ஜான் மகுஃபுலி. அந்த நாட்டின் தேசிய ஆய்வகத்தின் தலைவரை இடைநீக்கம் செய்தார்கள். கருவிகளில் கோளாறு இல்லை என்று ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மறுத்தது. அந்தச் சமயத்திலேயே அந்த நாடு தொற்றுக் கணக்கு வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அப்போது இருந்த எண் 509. ஒரு வருடத்துக்கு மேல் அது 509 ஆகவே இருந்தது. 2021 பிப்ரவரியில், அந்த நாட்டின் பகுதியான சான்சிபார் தீவுகளின் முதல் துணை அதிபர் சையிஃப் ஷரீஃப் ஹமாத் இறந்தார். அவருக்குக் கொரோனா என்று அவருடைய கட்சியே ஏற்கெனவே அறிவித்திருந்தது. அப்போதும் 509தான். இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 2020 மே தொடக்கத்தில் மத்திய அரசின் பட்டியலில், தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக, அதாவது தொற்று இல்லாத பகுதியாக, இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. அன்றைக்கு யாரும் "இந்தப் பூஜ்யம் சரியா, எத்தனை பேருக்கு எடுத்துப் பார்த்தார்கள்?" என்று சண்டைக்கு வரவில்லை. ஊரடங்கிலும் கர்நாடக எல்லையில் உள்ள ஜூஜூவாடி சோதனைச் சாவடி வழியாகச் சரக்கு லாரிகள் போய்வந்தன. அப்போதைய விதிப்படி, வெளிநாட்டிலிருந்து வந்தவர், தொற்று உள்ளவரோடு பழகியவர், மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர் மாதிரியானவர்களுக்குத்தான் டெஸ்ட். நோய் இல்லாததாலும் பூஜ்யம் வரலாம், தேடாததாலும் வரலாம். அந்த எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

எடுத்த டெஸ்ட்டும் எளிதாகத் தவறும். பஞ்சுக் குச்சி மூக்கின் உள்ளே தொண்டையின் மேல்பகுதி வரைக்கும் போக வேண்டும்; கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வலிக்குமே என்று பாவம் பார்த்து மூக்கு வாசலிலேயே ஒரு சுற்று சுற்றி எடுத்தால், உள்ளே இருக்கும் கிருமி குச்சியில் ஒட்டாமல் போகலாம். பிறகு அந்தக் குப்பியை ஆய்வகம் வரைக்கும் குளிரிலேயே கொண்டுபோக வேண்டும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ எடுத்த குப்பி கீழே இறங்கி வருவதற்குள் ஐஸ் உருகிப்போனால் அதற்கும் பதில் நெகட்டிவ் என்று வரலாம். அரை மணி நேர ஆன்டிஜன் டெஸ்ட் இன்னும் மோசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே (ஐசிஎம்ஆர்) சோதித்துப் பார்த்ததில், தொற்று உள்ள 100 பேரில் 50 முதல் 84 பேரைத்தான் அது கண்டுபிடித்தது. அதனால்தான் அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் ஆய்வகத்தில் பார்க்கும் ஆர்டி-பிசிஆர் டெஸ்ட்டைக் கட்டாயம் எடுக்கச் சொன்னார்கள். இது போக, பாசிட்டிவ் என்றால் வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்களே, மாங்காய் சீசன் கூலி போய்விடுமே என்று டெஸ்ட் பக்கமே வராதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பணமும் வசதியும் உள்ள நாடுகளிலும் இதே கதைதான். பிரிட்டனில் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து ஆய்வகம் ஒன்று, 2021 செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் 12 வரை, தொற்று இருந்த ஏறத்தாழ 39,000 பேருக்கு நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தது. பெரும்பாலும் தென்மேற்கு இங்கிலாந்துக்காரர்கள். வீட்டுக் கருவியில் பாசிட்டிவ் பார்த்தவர்கள், ஆய்வகமே தொற்று இல்லை என்கிறதே என்று வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். அந்தப் பகுதியில் தொற்று குறைவாகத் தெரிந்தது, ஊருக்குள் பரவிக்கொண்டிருந்தது. இந்த ஒரு கோளாறால் கூடுதலாக 55,000 பேருக்குத் தொற்றும் 20 மரணங்களும் நேர்ந்திருக்கலாம் என்று அந்நாட்டு சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு பிறகு மதிப்பிட்டது. பிழையான கணக்கு ஆளையும் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஹரித்வார் கும்பமேளாவில் நடந்தது கோளாறு அல்ல, மோசடி. சுமார் 1 லட்சம் டெஸ்ட்டுகள் எடுக்காமலே எடுத்ததாக, பெரும்பாலும் நெகட்டிவ் என்று, கணக்கில் ஏறின. பஞ்சாபின் ஃபரீத்கோட்டில் இருந்த ஒருவர், தான் கொடுக்காத மாதிரிக்கு வந்த குறுஞ்செய்தியைப் பார்த்துப் புகார் கொடுத்ததால்தான் அது வெளியே வந்தது. போலி நெகட்டிவ் சேரச் சேர 100க்கு எத்தனை பேருக்குத் தொற்று என்ற விகிதம் தானாக இறங்கும்.

எண் கூடிய சம்பவமும் உண்டு, மறைக்கவில்லை. 2021 மே மாதம், கொல்கத்தாவில் எடுத்த முடிவுகளைத் தமிழ்நாட்டுக் கணக்கில் ஏற்றியதாக ஒரு தனியார் ஆய்வகத்தின் அனுமதியை நம் அரசு நிறுத்தி வைத்தது. ஆனால் மொத்தத்தில் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள். 2020 அக்டோபர்–நவம்பரில் மாநிலம் முழுக்க ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தேடியபோது, 100 பேரில் 31 பேருக்கு மேல் ஏற்கெனவே தொற்று வந்துபோயிருந்தது. அதாவது இரண்டு கோடிப் பேருக்கும் மேல். நவம்பர் முடிவில் அரசுக் கணக்கில் இருந்தது எட்டு லட்சத்துக்கும் கீழே. ஊதிப் பெருக்கியது என்கிறீர்களே, அந்தப் பெருக்கம் எங்கே இருக்கிறது?

ஆகவே உங்கள் சந்தேகத்தை விட வேண்டாம். எண் இறங்கும்போதும் அதே சந்தேகத்தோடு கேளுங்கள். அரூர், பாலக்கோடு பக்கம் காய்ச்சல் காலம் வந்து "டெங்கு இத்தனை பேர்தான்" என்று யாராவது சொன்னால், எத்தனை பேருக்கு டெங்குவை உறுதிசெய்யும் எலிசா ரத்தப் பரிசோதனை எடுத்தீர்கள், முடிவு வராமல் எத்தனை கிடக்கிறது, தனியார் ஆஸ்பத்திரிக் கணக்கு சேர்ந்ததா என்று கேளுங்கள். எங்கள் நிருபர்களையும் அதைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.